கிரவுண்ட் வேண்டாம், மூலை போதும்: மைதானக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மைதானக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் அறிவித்தலை எனக்கு வாசித்துக் காட்டியவன் ஒன்பது வயதுப் பையன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு உரப்பையைக் கரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்குகிறேன், பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள், கேட்டில் பூட்டு, பூட்டுக்கு மேலே லெமினேட் பண்ணிய ஒரு தாள். அவன்தான் விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தான். தனிநபர் பயிற்சிக்கும் சிறு குழுப் பயிற்சிக்கும் மைதானம் இனி வழங்கப்படமாட்டாது, முழு அணிகள் மட்டும் முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம். வாசித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "சேர், தனிநபர் எண்டா ஆர்?"

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அது நடந்து ஐந்து கிழமை ஆகிறது. இரண்டு கடிதம் கையிலேயே கொண்டுவந்து தந்தேன், இரண்டுக்கும் பதில் இல்லை. அதனால்தான் மூன்றாவதை நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். உங்கள் பெயரையோ மைதானத்தின் பெயரையோ எங்கேயும் போடவில்லை, யாரையும் சந்திக்கு இழுக்க எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் இந்த முடிவு பிழை. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தத் தனிநபர்கள் என்னிடம் புட்போல் பழகுகிற 24 பிள்ளைகள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை, அதில் ஏழு பேர் பெண் பிள்ளைகள். அவர்களுக்கு நான் உங்கள் மைதானத்தைக் கேட்கவே இல்லை. வடக்குப் பக்கக் கோலுக்குப் பின்னால் மதில் வரைக்கும் கிடக்கிற துண்டைத்தான் இத்தனை வருஷமாகப் பாவித்தோம். அங்கே புல் கிடையாது. புரட்டாதியில் புழுதி, கார்த்திகையில் சேறு. விடியற்காலையில் மான்கள் வந்து படுத்துவிட்டுப் போகும். திருகோணமலையில் ஊருக்குள் மான் திரிவதை வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள், எனக்கென்றால் அது புழுக்கை கூட்டுகிற வேலை. சனிக்கிழமைக் காலைகளில் முதல் பத்து நிமிஷம் விளக்குமாறும் கையுமாகத்தான் நிற்பேன். மான்களுக்கு நீங்கள் அறிவித்தல் எதுவும் ஒட்டவில்லை, பரவாயில்லை.

உரப்பைக்குள் இருப்பது 96 யோகட் கோப்பைகள். எங்கள் தெருக் கடையில் கழுவி எடுத்துவைத்துத் தருவார்கள். கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் வெறுங்கோப்பை நிற்காது, அரைவாசிக்கு மணல் போட வேண்டும். நாலு கோப்பையை நாலு மூலையில் வைத்தால் ஒரு பெட்டி, நாலு கவடு நீளம், நாலு கவடு அகலம் (கவடு என்பது காலை எட்டி வைக்கிற தூரம்). பிள்ளைகள் அதை வீடு என்பார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு கவடு இடைவெளி, அதற்குப் பெயர் ஒழுங்கை. வரிசைக்கு ஆறு வீடு, நாலு வரிசை. எல்லாம் சேர்த்து முப்பது கவடு நீளம், இருபது கவடு அகலம், அவ்வளவுதான். சாதாரண முழு மைதானம் ஒன்றில் இது இருபதில் ஒரு பங்குதான் வரும், கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக்குள் ஒரு பிள்ளை, ஒரு பந்து. முதல் வேலை பந்தை வெளியே விடாமல் வைத்திருப்பது. உள்ளங்காலால் உருட்டு, உட்காலால் இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் தட்டு, வெளிக்காலால் தள்ளு, விசில் கேட்டதும் உள்ளங்காலால் அமத்து. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும், ஒருதரம் செய்து பாருங்கள். நாலு கவட்டுக்குள் பந்தை வேகமாகத் தள்ளினால் இரண்டாவது தட்டிலேயே ஒழுங்கைக்குப் போய்விடும். மெதுவாகத் தட்டப் பழகினால்தான் பந்து வீட்டுக்குள் நிற்கும், அப்படிப் பழகும்போதே அது காலோடு ஒட்ட ஆரம்பிக்கும். அப்புறம் நான் கையை உயர்த்தி விரல் காட்டுவேன், பந்தை நிறுத்தாமல் எத்தனை விரல் என்று கத்த வேண்டும். தலையை நிமிர்த்து, தலையை நிமிர்த்து என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியும் நிமிராத தலைகள் இந்த விரல் விளையாட்டில் இரண்டு கிழமைக்குள் நிமிர்ந்தன.

பிறகு வீடு மாறுதல். இரண்டு விசில் ஊதினால் எல்லாரும் பந்தோடு ஒழுங்கைக்கு இறங்கி வேறொரு வீட்டுக்குள் போய் நிற்க வேண்டும். 24 பிள்ளைகள், 24 பந்துகள், ஒரு கவடு அகல ஒழுங்கை! கிளித்தட்டு மறித்த எவருக்கும் இது விளங்கும். அதுவும் பெட்டிதான், அங்கேயும் இடப்பக்கம் போகிற மாதிரித் தோளைக் காட்டிவிட்டு வலப்பக்கம் பாய்கிறவன்தான் பழம் எடுப்பான். நாங்கள் சின்ன வயதில் நிலவு வெளிச்சத்தில் வெறுங்காலோடு பழகியதையே இவர்கள் பந்தோடு பழகுகிறார்கள்.

பாஸ் பழகுவதும் இதே வீடுகளில்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒழுங்கையைத் தாண்டிப் பந்தைக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் அதைத் தன் வீட்டுக்குள்ளேயே நிறுத்த வேண்டும். பந்து வீட்டைத் தாண்டி ஓடினால் பிழை கொடுத்தவருடையது. இந்த ஒரு சட்டத்தை முதலில் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளவில்லை, பெரிய சண்டை வந்தது, அவன் பிடிக்காமல் விட்டதற்கு நான் என்ன செய்ய என்று ஒருவன் கோப்பையை உதைத்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டான். மூன்றாம் நாள் திரும்பி வந்தான். பாஸ் என்பது மற்றவரின் காலுக்கு ஏற்ற மாதிரிக் கொடுப்பது என்று நான் எத்தனை தரம் சொல்லியும் ஏறாதது அந்தச் சண்டையில்தான் ஏறியது. வாங்குகிறவருக்கும் பாடம் உண்டு: பந்துக்கு நேராக முகம் காட்டி நிற்காமல் சாய்வாக நின்று, தூரத்துக் காலால் வாங்கினால் அடுத்த பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். கிட்டக் காலால் வாங்கினால் அடைபட்டுப் போவாய். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்குத் தூரத்துக் காலால்தான் வாங்குகிறார்கள், உங்களுடைய பெரிய அணிகளில் எத்தனை பேர் அப்படி வாங்குகிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஒரு பெண் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமையனோடு வருவாள், பத்து வயது. மூன்று மாதம் வாய் திறக்கவில்லை, விரலைப் பார்ப்பாள், எண்ணைச் சொல்லமாட்டாள், பந்து எப்போதும் ஒழுங்கையில் கிடக்கும். ஒரு வியாழக்கிழமை, பந்து கோட்டைத் தொடப் போகிற நேரம், உள்ளங்காலை மேலே வைத்துப் பின்னுக்கு இழுத்து, அப்படியே உடம்பைத் திருப்பி, மற்றப் பக்கம் கொண்டுபோனாள். பந்து வீட்டுக்குள் நின்றது. உடனே சுற்றிப் பார்த்தாள், யாராவது கண்டார்களா என்று. நான் கண்டேன், காணாத மாதிரி மற்றப் பக்கம் திரும்பி யாரோ ஒருவனை ஏசினேன். அடுத்த விரலுக்கு "மூண்டு" என்று ஒரு சத்தம் கேட்டது.

இதை எழுதும்போது ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. 2019இல் தொடங்கியபோது நானும் நீங்கள் நினைக்கிற மாதிரித்தான் பழக்கினேன். இரண்டு பந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது, முன்னால் நிற்பவன் ஓடிவந்து கோலுக்கு அடித்துவிட்டு வரிசையின் வாலுக்குப் போவது. வாலில் நிற்பவன் மண்ணைக் கிண்டுவான், முன்னால் நிற்பவனின் பெனியனை இழுப்பான். ஒரு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறு ஏழு உதை கிடைத்தால் பெரிய காரியம். நல்லாக விளையாடுகிற நாலு பேர் நல்லாக வந்தார்கள், மற்றவர்கள் வராமல் விட்டார்கள். அவர்களுக்குத் திறமை இல்லை என்று நானே வாயால் சொன்னேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

போன வருஷம் நீங்கள் நடத்திய பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளையும் ஒரு அணியாகச் சேர்த்து அனுப்பினேன். பெரியவர்கள் ஆடுகிற அதே மைதானம், அதே கோல், பக்கத்துக்கு 11 பேர். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு இடப்பக்கம் ஆடிய ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு, அவன் காலில் பந்து படும்போதெல்லாம் இடப் பொக்கற்றில் இருந்து ஒரு புளியங்கொட்டையை வலப் பொக்கற்றுக்கு மாற்றினேன். முழு ஆட்டமும் முடிந்து எண்ணிப் பார்த்தால் ஒன்பது கொட்டை. அடுத்த கிழமை அதே பையனை வீட்டுக்குள் விட்டு எண்ணினேன், பத்து நிமிஷத்துக்குள் கொட்டை தீர்ந்துபோய் வாயால் எண்ண வேண்டி வந்தது, 300 தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒரு பையனை, இரண்டு நாள் எண்ணிய கணக்கு இது, ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. நம்பாவிட்டால் நீங்களே ஒரு பிள்ளையைப் பிடித்து எண்ணிப் பாருங்கள், கொட்டை நான் தருகிறேன்.

அந்தப் போட்டியில் எங்கள் கோல் காத்தவனுக்குப் பதினொரு வயது, என் நெஞ்சளவு உயரம். கோலின் உயரம் 2.44 மீற்றர், அகலம் 7.32 மீற்றர், அதாவது எட்டடிக்கு இருபத்துநாலடி. எதிரணிப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த ஒரே தந்திரம் தூரத்தில் இருந்து உயரமாக உதைப்பது, பந்து அவன் தலைக்கு மேலால் போய் விழும். ஐந்து கோல். ஐந்தாவது கோலுக்கு அவன் கையைத் தூக்கவும் இல்லை, பந்து போவதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கரையில் நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள், அதில் உங்கள் குழுவில் இருக்கிற ஒருவரும் இருந்தார். பையன் அதற்குப் பிறகு பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கதைத்தேன், ரியூஷன் இருக்கிறது சேர் என்றான், முகத்தைப் பார்க்காமல்.

பயிற்சியை ஏன் நிறுத்தினீர்கள் என்று உங்களில் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். புல் பழுதாகிறதாம். அந்த மூலையில் புல்லைக் காட்டுங்கள், நான் இன்றைக்கே நிறுத்துகிறேன். பெரிய அணிகளின் பயிற்சிக்கு இடைஞ்சலாம். பெரியவர்கள் வேலை விட்டு ஐந்தரைக்குத்தான் வருகிறார்கள், நாங்கள் ஐந்தரைக்குக் கோப்பையெல்லாம் பொறுக்கி முடித்திருப்போம். ஒரேயொரு நாள் மட்டும், பெரியவர்களின் மச் நடந்துகொண்டிருந்தபோது என் விசிலை அவர்களின் நடுவர் விசில் என்று நினைத்து ஒருவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். அது என் பிழை, அங்கேயே போய் மன்னிப்புக் கேட்டேன், அதற்குப் பிறகு மச் நாட்களில் கை தட்டித்தான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறேன். மூன்றாவது காரணம்தான் என்னைச் சுட்டது. "பெட்டிக்குள்ள நிண்டு ஆடுறது புட்போல் இல்ல, அது சர்க்கஸ்."

சரி, சர்க்கஸைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம். 1974இல் நெதர்லாந்தின் ஃபையனூர்ட் அணிக்கு ஐரோப்பாவின் யூஏஃபா கிண்ணத்தை வென்று கொடுத்த பயிற்சியாளர் வியல் கூர்வர். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டத்தைப் படச்சுருளில் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர்கள் ஆளைக் கடக்கும் விதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பந்து கொடுத்துப் பழக்கலாம் என்று காட்டியவர் அவர். பிறவியிலேயே வர வேண்டும் என்று எல்லாரும் நினைத்ததைப் பழகினால் வரும் என்றார். அடுத்தது ஃபுட்சால். 1930இல் உருகுவேயின் மொன்டிவிடியோ நகரத்தில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் கூடைப்பந்துத் திடல் அளவு இடத்தில் ஐந்து பேர் ஆட்டமாக உண்டாக்கியது. அங்கிருந்து பிரேசிலுக்குப் போய் அந்த நாட்டுப் பிள்ளைகளின் காலை வளர்த்ததும் அதே சின்ன இடம்தான். இங்கிலாந்தில் 2012இல் வாக்கெடுத்து, சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஐந்து பேர், பிறகு ஏழு பேர், பிறகு ஒன்பது பேர் ஆட்டம் என்று படிப்படியாக வைத்தார்கள். ஜேர்மனியில் 2024 முதல் நாடு முழுவதும், ஆகச் சின்ன வயதினர் பக்கத்துக்கு இரண்டு மூன்று பேராகச் சின்ன மைதானத்தில் சின்னக் கோல்களோடுதான் ஆடுகிறார்கள். நாலு தரம் உலகக் கிண்ணம் எடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தெரியாத புட்போல் எங்களுக்குத் தெரிந்திருக்கிறதா?

வேறு இடம் பாருங்கள் என்றும் சொன்னீர்கள். பார்த்தோம். முதல் கிழமை டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போனோம். மணலில் ஓடினால் கால் பலப்படும், உண்மை, ஆனால் பந்து உருளாது. பாஸ் பாதியில் நிற்கும், பிள்ளை பலமாக உதைக்கத் தொடங்கும், அளவாகக் கொடுக்கப் பழகியதெல்லாம் மூன்றே நாளில் கெட்டுப்போகும். காற்று கோப்பைகளையும் விடவில்லை, இரண்டு கோப்பை கடலுக்கே போய்விட்டது. அடுத்து கோயில் வீதி. திருவிழாவுக்குப் பந்தல் போட்டதும் எழும்ப வேண்டி வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அது அவர்களின் இடம். பிறகு எங்கள் ஒழுங்கையிலேயே, உண்மையான ஒழுங்கையில், ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில். ஒரு பையன் பந்தின் பின்னால் ஓடி ஒரு ஓட்டோவின் முன்சில்லுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றான். ஓட்டோக்கார அண்ணாவுக்குக் கை நடுங்கியது, எனக்கும்தான். அன்றைக்கே நிறுத்திவிட்டேன். வாடகைக்கு எடுக்கிற செயற்கைப் புல் திடலுக்குப் போங்கள் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று: இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரிடம் சப்பாத்தே கிடையாது.

2020, 2021இல் கொரோனா நிறுத்தியது, அது உலகத்துக்கே. 2022இல் பெட்ரோல் வரிசை நாட்களில் பிள்ளைகள் நடந்து வந்தார்கள், நான் அன்றைக்கு எடுத்த சைக்கிளை இன்னும் விடவில்லை. 2023 ஜனவரியில் உலகப் புட்போல் சம்மேளனமான ஃபிஃபா இலங்கையையே இடைநிறுத்தி ஓகஸ்ட் வரை வெளியே வைத்திருந்தது, பெரியவர்களுக்குச் சர்வதேச ஆட்டம் இல்லை, அந்த மாதங்களிலும் இந்த மூலையில் 96 கோப்பையும் நின்றன. ஒரு லெமினேட் தாள்தான் நிறுத்தியது.

நான் கேட்பதைத் தெளிவாகவே எழுதுகிறேன், விளங்கவில்லை என்று பிறகு சொல்லக்கூடாது. வடக்குக் கோலுக்குப் பின்னால் முப்பது கவடுக்கு இருபது கவடு இடத்தை, செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நாலில் இருந்து ஐந்தரை வரை, சனி காலை ஏழில் இருந்து எட்டரை வரை, எங்களுக்கு மட்டும் என்றில்லாமல், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பழக்குகிற எவருக்கும் எழுத்தில் தாருங்கள். இன்னொரு குழு வந்தால் நாளைப் பிரித்துக்கொள்வோம். கட்டணம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஆனால் பற்றுச்சீட்டோடு, பிள்ளைகளின் தாய் தகப்பன் கட்டக்கூடிய அளவில். கோப்பை, புழுக்கை, குப்பை எல்லாம் எங்கள் பொறுப்பு.

அடுத்தது போட்டி. இந்த வருஷமும் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பக்கத்துக்கு 11 பேர் என்று அதே தாளின் கீழ்ப்பகுதியில் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றுங்கள். மைதானத்தைக் குறுக்கே பிரித்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் நடத்தலாம், பக்கத்துக்கு ஏழு பேர், பத்து வயதுக்குக் கீழே என்றால் ஐந்து பேர். கோலுக்குப் பெரிய செலவு வேண்டாம், கமுகஞ் சிலாகையில் இரண்டு கம்பமும் ஒரு குறுக்குக் கம்பும் கட்டிப் பழைய மீன் வலையை மாட்டினால் சரி, வலை நான் கேட்டு வாங்கித் தருகிறேன். பந்து நாலாம் நம்பராக இருக்கட்டும். ஐந்தாம் நம்பர் பந்து 410 கிராமுக்குக் குறையாது, பெரியவர்களுக்கு அளந்து செய்தது.

முடிவெடுக்க முன்னம் உங்களில் இரண்டு பேராவது வந்து பாருங்கள். கேட்டைத் திறந்து ஒரு நாள் பின்னேரம் மட்டும் விடுங்கள், நாற்காலி நான் போடுகிறேன். சர்க்கஸ் என்று சொன்னவரும் வர வேண்டும், அவருக்கும் ஒரு வீடு ஒதுக்கி ஒரு பந்து தருவேன்.

மாரி மழை பிடித்தால் அந்த மூலை இரண்டு மூன்று மாதம் தண்ணீரில் நிற்கும், அதனால் இந்த மாத முடிவுக்குள் பதில் வேண்டும். என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், பழைய தாள் இருக்கிற அதே கேட்டில் கட்டுங்கள். அந்தப் பையன்தான் வாசிப்பான். கொஞ்சம் பெரிய எழுத்தில், அவனுக்கு விளங்குகிற சொல்லில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
24 தனிநபர்களின் சேர்
திருகோணமலை